பஸ்ஸுக்கு முன்னால் வசந்தி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ்ஸின் ஹார்ன் சத்தம் கேட்டு நான் பயந்துபோனேன்.

ஹார்னுக்குப் பயப்படுகிற ஆளா நான்? லாரியில் கிளீனராக இருந்தவன். ஓடுகிற வண்டியில், சரக்கு மூட்டைமேல் தூங்கியவன். ஆனால் அன்றைக்கு அந்த ஹார்ன் மலைக்குக் கீழே, மரங்களுக்குள் எங்கேயோ கேட்டது. நானும் வசந்தியும் மேலே, ஏற்றத்தின் நடுவில், ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். பஸ் எங்களைப் பிடித்துவிட்டால் வசந்தியின் ஆசை அவ்வளவுதான்.

பயப்படாதீர்கள். உயிர் போகிற கதை இல்லை. சைக்கிள் கதை.

ஓசூரில் வந்து தங்கியபிறகு ஞாயிறுதோறும் சைக்கிளில் சுற்றுகிறேன் என்று இந்தப் பத்திரிகையில் முன்பே எழுதியிருக்கிறேன். 'எந்த வழியில் போகலாம்?' என்று சிலர் கேட்கிறீர்கள். சொல்கிறேன். பழகுவதற்குப் பாகலூர் ரோடு – பெரிய மேடு கிடையாது, ரோஜாத் தோட்டங்கள் உண்டு, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் குரைக்கத் தெரிந்த நாய்கள் உண்டு. கால் கொஞ்சம் இறுகியதும் உத்தனப்பள்ளி வழியாக ராயக்கோட்டை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி... ரோடே மூச்சு விடுவதுபோல இருக்கும்.

இரண்டும் சலித்துப்போனால் தேன்கனிக்கோட்டை. உண்மையான மலையும் காடும் அங்கிருந்துதான் ஆரம்பம். பெங்களூரிலிருந்து ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையுமாக வருகிற கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் இப்போது அங்கேதான் போகிறார்கள். இவ்வளவு பெரிய நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் யானை நடக்கிற காடு இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தொழிற்சாலைச் சைரன் சத்தத்துக்கு ஓடிப் பழகிய நமக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

எங்கள் கோஷ்டிக்குப் பெயர் கிடையாது. தலைவர் மட்டும் உண்டு – கோபாலப்பா. பாகலூர்க்காரர். ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். தமிழில் பேச்சைத் தொடங்கி, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் சமாதானம் ஆகிறவர். காட்டு ரோட்டுக்கு அவர் போட்டிருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று.

"பஸ் முந்துனா, பஸ்ல ஏறு."

தேன்கனிக்கோட்டையிலிருந்து அய்யூர் காட்டு வழியாகப் பெட்டமுகிலாளம் என்கிற மலை ஊருக்கு ஒரு ரோடு போகிறது. பெட்டா என்றால் கன்னடத்தில் மலை. முகில் நம்முடையதேதான். வெயில் நன்றாக ஏறியபிறகுதான் காட்டுக்குள் நுழைய வேண்டும் – விடியற்காலை யானைகளுடையது. நாங்கள் கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துக் காலை பஸ் பின்னால் கிளம்பும். அது போய்விட்டால் மத்தியானம்வரை அந்த ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. ராகி முற்றுகிற பருவம் வேறு. யானைகள் வயலைத் தேடி இறங்குகிற சமயம். யாரையும் தனியாகப் பின்னால் விட முடியாது.

அதனால்தான் சட்டம். உச்சிக்குப் போவதற்குள் பஸ் உங்களைப் பிடித்துவிட்டால், சைக்கிளைக் கூரையில் ஏற்றிவிட்டு நீங்கள் உள்ளே ஏறிக்கொள்ள வேண்டும். அதற்குமுன் மிதிக்கலாம், தள்ளலாம், வழியில் உட்கார்ந்து முறுக்குகூடத் தின்னலாம். பஸ்ஸுக்கு முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நியாயமான சட்டம். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வசந்தியின் சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

வசந்தி எங்கள் கோஷ்டியின் ஒரே பெண். விருதுநகர் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள். கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, வண்டி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் நிற்கிறாள். ஷிப்டுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்து, அந்தக் கோபத்தில் முப்பது வயதுக்குமேல் சைக்கிள் கற்றுக்கொண்டவள். கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள். முன்னால் கூடை. கூடையில் எப்போதும் ஒரு ஸ்பேனர், ஒரு சீப்பு வாழைப்பழம்.

அடுத்த மாதம் எங்கள் கோஷ்டி அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகிறது. இதுவரை போனதிலேயே பெரிய பயணம். போகும்போது காடும் பள்ளத்தாக்கும் இறக்கமுமாக இருக்கும். திரும்பும்போது அந்த இறக்கமெல்லாம் ஏற்றமாகி நிற்கும். சாப்பாட்டுப் பாத்திரங்களோடு ஒரு வேன் கூடவே வரும்.

கோபாலப்பா நல்ல மனதோடுதான் சொன்னார். "வசந்தம்மா, நீ வேன்ல வந்துரும்மா. புளிசாதம் உன் கையால இருந்தா நல்லா இருக்கும்."

வசந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வேன்ல வந்தா அது டூருண்ணே. சைக்கிள்ல வந்தாத்தான் நான் போனேன்னு அர்த்தம்."

"அய்யோ ராமா... அந்த ஏத்தம் எப்படி இருக்கும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதுக்குத்தான வாரேன்னு சொல்றேன்."

கோபாலப்பா பிடரியைச் சொறிந்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு பரீட்சை வைத்தார். பெட்டமுகிலாளம் ஏற வேண்டும். பஸ்ஸுக்கு முன்னால் ஏறிவிட்டால் ஒகேனக்கலுக்குச் சைக்கிள். பஸ் பிடித்துவிட்டால் வேன்... புளிசாதம்.

வசந்தி உடனே தலையாட்டினாள். எதற்கு இத்தனை பிடிவாதம் என்று அப்புறம் தனியாகக் கேட்டேன்.

"எங்க ஊர்ல நின்னா மேக்க மலை நீலமாத் தெரியும்ணே. பொழுதுக்கும் பாத்துக்கிட்டே களை எடுப்போம். ஒருநாளும் போனதில்ல. மேல நின்னு கீழ பாத்தா எப்படி இருக்கும்னு... சின்னதுல இருந்து ஒரு இது."

அந்த 'இது'வுக்கு எனக்கும் பெயர் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியும். எட்டாம் வகுப்பில் பாதியில் என்னை எழுப்பி லாரி ஏற்றிவிட்டது அதே 'இது'தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேன்கனிக்கோட்டையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். கோபாலப்பாவும், கியர் சைக்கிள் வைத்திருக்கிற இரண்டு இளவட்டங்களும் ஊர் தாண்டுவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். வசந்திக்குத் துணையாகக் கடைசியில் நான்.

ராகி வயல்கள். வயலுக்கு வயல் மரத்தின்மேல் காவல் பரண். ராத்திரி யானை விரட்டியவர்கள் பரணிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். பிறகு மூங்கில். பிறகு பெரிய மரங்கள். வெயில் சல்லடையில் சலித்ததுபோல ரோட்டில் விழுந்தது. என்ன குளிர்ச்சி! என்ன வாசனை! மழைக்காலம் முடிந்த காட்டுக்கு ஒரு பச்சை வாசனை உண்டு. அதை எழுதிக் காட்ட எனக்குப் படிப்பு போதாது.

ரோட்டின் நடுவில் யானை லத்தி கிடந்தது. வசந்தி பிரேக் பிடித்தாள்.

"அண்ணே, இது நேத்துப் போட்டதா, இன்னைக்கா?"

"சூடா இருக்கான்னு தொட்டுப் பாரு."

"நீங்க தொடுங்க. பத்திரிகையில எழுதுற ஆளு நீங்கதான?"

இருவருமே தொடவில்லை. இருவருமே கொஞ்சம் வேகமாக மிதித்தோம்.

ஏற்றம் வந்தது. மிதித்தோம். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினோம். என் பின் டயர் பஞ்சர் ஆனது; ஒட்டினோம். தண்ணீர் தீர்ந்தது, ஓடையில் பிடித்தோம். முட்டி வலித்தது. வலிக்கத்தானே செய்யும்? வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு. அதைத் திரும்பினால் வேறொன்று. இதுதான் கடைசி என்று ஒவ்வொரு வளைவும் ஆசை காட்டி ஏமாற்றியது. பஞ்சர் ஒட்டியதில் நேரம் வேறு போயிருந்தது.

ஓரிடத்தில் வசந்தி நின்றுவிட்டாள். முகம் செங்கல் நிறமாகியிருந்தது.

"இன்னும் எவ்வளவுண்ணே இருக்கு?"

பக்கத்தில் கிலோமீட்டர் கல் ஒன்று நின்றது. அதில் எழுத்து இல்லை. செல்போனை எடுத்துப் பார்த்தேன். அதில் டவர் இல்லை. நான் ஒரே ஒரு முறை இந்த வழியாக வந்திருக்கிறேன். அப்போது லாரியில் மூட்டைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டு வந்தேன். தூங்கிக்கொண்டு வந்தவனுக்கு ரோட்டைப் பற்றி என்ன தெரியும்?

நல்லவேளையாக, ரோட்டோரப் பாறைமேல் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னடத்துக்காரர். 'விடு, நான் விசாரிக்கிறேன்' என்று வசந்தியிடம் கெத்தாகச் சொன்னேன்.

எனக்குத்தான் கன்னடம் தெரியுமே! என்னிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஓசூர் வந்த புதிதில் நானே கண்டுபிடித்தது. தமிழில் 'ப' வருகிற இடத்தில் கன்னடத்துக்கு 'ஹ' போடு. பால் – ஹாலு. பல் – ஹல்லு. புலி – ஹுலி. பூ – ஹூவு. பத்து – ஹத்து. தீர்ந்தது, மொழி கைக்குள் வந்துவிட்டது! இதை வைத்துக்கொண்டே எல்லையைத் தாண்டிப் போய் வேலை தேடியிருக்கிறேன், வீடு பிடித்திருக்கிறேன், ஒரு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

"பெட்டா எஷ்டு தூர அம்மா?" என்று கேட்டேன். மலை எவ்வளவு தூரம் என்று அர்த்தம்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. வசந்தியைத்தான் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். வாய்கொள்ளாத சிரிப்போடு கையை மேல்நோக்கி வீசிச் சொன்னார்:

"ஹத்து... ஹத்து! ஹத்தம்மா!"

"என்னண்ணே சொல்றாக?"

"பத்து கிலோமீட்டராம்."

"பத்தா!"

"மூணு வாட்டி சொல்றாங்க. தப்பா இருக்காதும்மா."

வசந்தி ஹேண்டில்மேல் சாய்ந்தாள். அப்போதுதான் கீழே காட்டுக்குள் அந்த ஹார்ன் கேட்டது. ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த ஹார்ன். கணக்கு யாருக்கும் புரியும். பத்து கிலோமீட்டர் ஏற்றம். பின்னால் பஸ். கியர் இல்லாத சைக்கிள். எங்கே ஜெயிப்பது?

"இப்படி உக்காரும்மா," என்றேன். "பஸ் இங்கேயே நிக்கும். இவ்ளோ தூரம் ஏறுனதே பெரிய விஷயம். நான் கோபாலப்பாகிட்ட எடுத்துச் சொல்றேன்."

வசந்தி ஒரு வாழைப்பழத்தை உரித்தாள். பாதியை என்னிடம் கொடுத்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"பத்துன்னா பத்து. பஸ் பிடிக்கிற எடத்துல பிடிக்கட்டும். அதுதாண்ணே என்னையப் பிடிக்கணும். நான் உக்காந்து அதுக்குக் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

ஏறி உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கிவிட்டாள்.

நானும் அவசரமாக ஏறினேன். பெடலை ஓங்கி ஒரு மிதி. கடக்! செயின் கழன்று தொங்கியது. வசந்தி திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே?"

"போம்மா! என்னைப் பாக்காத, போ!"

அவள் வளைவில் மறைந்தாள். பாறைமேல் இருந்த அம்மா கை தட்டினார். நான் ரோட்டில் குத்தவைத்து, கிரீஸ் கையோடு செயினை மாட்டிக்கொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் பஸ் வந்து நின்றது.

கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார். "கோபாலப்பா ஆளுங்கதானே? ஏறு சார், ஏறு. ஒரு அம்மாவும் வருவாங்கன்னு சொன்னாரே, எங்க அவங்க?"

"முன்னாடி போறாங்க."

"பஸ்ஸுக்கு முன்னாடியா!"

இந்த ஒரு வார்த்தைதான். பஸ் முழுக்க விழித்துக்கொண்டது. என் சைக்கிள் கூரைக்குப் போனது. நான் உள்ளே போனேன். சந்தைக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். யாரோ மடியில் வைத்திருந்த கோழிகூடக் கழுத்தை நீட்டியது.

டிரைவர் வேண்டுமென்றே மெதுவாகப் போனாரா என்று கேட்பீர்கள். இல்லை. அவருக்கு அப்படிப்பட்ட இளகிய மனசு இருப்பதாகத் தெரியவில்லை. அந்த ஏற்றத்தில் பஸ்ஸே முதல் கியரில் முனகிக்கொண்டுதான் போனது. சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே கஷ்டம்!

அடுத்த வளைவு திரும்பியதும் வசந்தி தெரிந்தாள். சீட்டில் இல்லை. பெடல்மேல் எழுந்து நின்று, உடம்பை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து மிதித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஹார்ன் அடித்தார். அவள் திரும்பவில்லை. முன்சீட்டுப் பெண் ஒருத்தி தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"ஹத்து! ஹத்தம்மா, ஹத்து!"

உடனே எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹத்து! ஹத்து! ஹத்து! பஸ் அதிர்ந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்களும் எதற்குப் பத்து பத்து என்கிறார்கள்? பத்தாவது வளைவா? பத்து மணியா?

"என்னங்க பத்து?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"எங்க பத்து?"

"ஹத்துன்றாங்களே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹத்துன்னா ஏறு சார்! ஏறும்மா ஏறுன்னு கத்துறாங்க!"

"அப்போ... பத்து?"

"பத்தும் ஹத்துதான். ஏறுறதும் ஹத்துதான். எத்தனை வருஷமா ஓசூர்ல இருக்கே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாறைமேல் இருந்த அம்மா தூரமே சொல்லவில்லை. 'ஏறு, ஏறு, ஏறும்மா' என்று வசந்திக்கு மூன்று முறை தைரியம் சொன்னார். நான் அதைக் கிலோமீட்டராக மாற்றி அவள் தலையில் வைத்துவிட்டேன். என் சூத்திரம் செய்த வேலை!

என்ன செய்வது? நானும் தலையை வெளியே நீட்டினேன். "ஹத்தும்மா! ஹத்து!"

ரோடு ஒரு முறை செங்குத்தாக எழுந்தது... பிறகு சட்டென்று மரங்கள் விலகின. வானம். ஒரு டீக்கடை. டீக்கடை வாசலில் கையில் கிளாஸோடு கோபாலப்பா. அதுதான் உச்சி. ஆடு மேய்த்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. வசந்தியின் பின்சக்கரத்துக்கும் பஸ்ஸின் பம்பருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.

ஜெயித்துவிட்டாள்!

ஆனால் அது அவளுக்குத் தெரியாதே! இன்னும் எட்டு கிலோமீட்டர் பாக்கி என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறாள்? டீக்கடையைத் தாண்டி, கோபாலப்பாவைத் தாண்டி, குனிந்த தலை நிமிராமல் போய்க்கொண்டே இருந்தாள். கோபாலப்பா கிளாஸோடு பின்னால் ஓடினார்.

"வசந்தம்மா! ஏய்! நில்லும்மா! வந்துட்டே!"

"எங்கண்ணே வந்துட்டேன்? இன்னும் எட்டு இருக்குல்ல!"

"என்ன எட்டு? அந்தப் பக்கம் எறக்கம்மா! எங்க போறே?"

அவள் பிரேக் பிடித்தாள். சுற்றிப் பார்த்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் சிரித்துக்கொண்டே அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். வசந்தி கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"பத்துன்னீங்க. நானும் பத்துக்குன்னு மனசைக் கட்டி வச்சுக்கிட்டு வந்தேன். மலை பத்தலையேண்ணே!"

விஷயத்தைச் சொன்னேன். கோபாலப்பா சிரித்த சிரிப்பில் டீ மொத்தமும் சட்டையில் கொட்டியது. மூன்று மொழியிலும் என்னைத் திட்டினார். எல்லாமே எனக்குப் புரிந்தது.

பிறகு நாங்கள் ஊர்க்கோடிக்குப் போனோம். பாறை விளிம்பு. கீழே மடிப்பு மடிப்பாகக் காடு. அதற்கப்பால் வயல்கள். அதற்கும் அப்பால் ஏரிகள் கண்ணாடித் துண்டுகள்போல மின்னின. மேகம் ஒன்று எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. வசந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். கொய்யாப்பழம் கையிலேயே இருந்தது.

"ஓசூர் எந்தப் பக்கம்ணே?"

திசையைக் காட்டினேன். அங்கே வெறும் புகைமூட்டம்.

"எங்க கம்பெனி தெரியுதா?"

"தெரியல."

"நல்லவேளை," என்றாள். பழத்தை ஒரு கடி கடித்தாள்.

அந்தப் பாறையில் உட்கார்ந்து நான் யோசித்தேன். ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். எத்தனையோ இடத்தில் பாதியில் உட்கார்ந்துமிருக்கிறேன். இன்னும் ரொம்ப தூரம் என்று யாரோ சொன்னதாக நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். உண்மையில் அவர்கள் தூரத்தைத்தான் சொன்னார்களா... அல்லது 'ஏறுடா' என்றார்களா? யாருக்குத் தெரியும். இனிமேல் போய்க் கேட்கவும் முடியாது. வசந்திக்கு அந்தக் கவலையே இல்லை. தூரம் தப்பாக இருந்தால் என்ன? அவள் மிதித்தது தப்பாகவில்லையே!

டீக்கடைக்குத் திரும்பியதும் கோபாலப்பா தீர்ப்புச் சொன்னார். "வசந்தம்மா, ஒகேனக்கலுக்கு நீ சைக்கிள்லயே வா. நான் இனிமே வாயே தொறக்கல." பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஆமா, நீ எதுல வந்தே?"

"செயின் கழண்டுருச்சுண்ணா. அதுக்கு முன்னாடி பஞ்சர் வேற..."

"எதுல வந்தேன்னு கேட்டேன்."

"பஸ்ல."

"சட்டம் என்னா?"

"அது வசந்திக்கு வச்ச பரீட்சைதானே?"

"ஏன், உனக்கு மட்டும் தனியா ஒரு மலையா?"

நான் வசந்தியைப் பார்த்தேன். பரிந்து பேசுவாள் என்று நினைத்தேன். துணைக்குப் போனவன் அல்லவா? பாதிப் பழம் கொடுத்தவள் அல்லவா?

அவள் ரொம்ப அக்கறையாகக் கேட்டாள். "புளிசாதம் கிண்டத் தெரியுமாண்ணே உங்களுக்கு?"

தெரியும். சேலத்தில் ஒரு மெஸ்ஸில் ஒரு வருடம் கரண்டி பிடித்திருக்கிறேன். அடுத்த மாதம் அஞ்செட்டி மலைப்பாதையில், புளிசாத அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி ஒரு ஆள் வேனில் போவதைப் பார்த்தால் தாராளமாகக் கையாட்டுங்கள்... ஹார்ன் மட்டும் அடிக்காதீர்கள்.